சுத்திச் சுத்தி வந்த அந்தக் கண்ணு

கேள்வி: அண்ணே, சின்ன வயசுல தூர்தர்ஷன் போட்டா ரெண்டு வளைவு சுத்திச் சுத்தி வந்து கடைசியில கண்ணு மாதிரி ஆகும்ல, அழுவுற மாதிரி ஒரு மியூசிக்கோட, அத யாரு வரைஞ்சது?
- வாசகர், பாம்பன்

பதில்: ஒரு ஸ்டூடண்ட் வரைஞ்சதுப்பா! அகமதாபாத் தேசிய டிசைன் கல்லூரியில படிச்ச தேபாஷிஷ் பட்டாச்சார்யா. இந்திரா காந்தி பாத்து செலக்ட் பண்ணது. 1976 ஏப்ரல் 1, ரேடியோவ விட்டு தூர்தர்ஷன் தனியா பிரிஞ்சப்ப வந்துச்சு. கம்ப்யூட்டர்லாம் ஏது, படத்த காப்பி காப்பியா எடுத்து கேமராவுக்கு அடியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பி ஷூட் பண்ணாங்க, அதான் அந்தச் சுத்து. மியூசிக் ரவிசங்கரும் ஷெனாய் அலி அகமது உசேன் கானும் (அழுகையெல்லாம் இல்ல, 'சாரே ஜஹான் சே அச்சா' மெட்டுதான் அது, நல்லா கேளு).

ஆனா ராமேஸ்வரத்துல 323 மீட்டர் டவர் வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கம் அத முழுசா பாத்தவன் யாரு? ஆண்டெனாவ கெழக்க திருப்புனா சிலோன் ரூபவாஹினி பளிச்சுனு விழும், வடக்க திருப்புனா ஒரே புள்ளி. உப்புக்காத்துல துருப்புடிச்ச கம்பியப் புடிச்சுக்கிட்டு அப்பா மாடியில நின்னு "வந்துருச்சாடா?"ம்பாரு, நாங்க கீழருந்து "கண்ணு ரெண்டா தெரியுதுப்பா!"ன்னு கத்துவோம்.