1656-இல் பிறந்த ஹார்லெம் பத்திரிகை: கேள்வி பதில்

கே (இதழியல் மாணவி): நெதர்லாந்தின் 'ஹார்லெம்ஸ் டாக்ப்ளாட்' உலகின் மிகப் பழைய நாளிதழ்களில் ஒன்று என்கிறார்களே, உண்மையா சார்?

ப: பாதி உண்மை. 1656 ஜனவரி 8-ஆம் தேதி ஹார்லெம் நகரத்தில் ஆபிரகாம் காஸ்டலெய்ன் என்ற அச்சகக்காரர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதுதான் பின்னால் 'ஒப்ரெக்டெ ஹார்லெம்ஸே கூரன்ட்' ஆனது ('கூரன்ட்' என்றால் செய்தித்தாள்). ஹார்லெம்ஸ் டாக்ப்ளாட் வந்ததோ 1883-இல். 1942-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கட்டாயப்படுத்தி இரண்டையும் இணைத்தார்கள். 1656 என்ற தொடக்க ஆண்டு டாக்ப்ளாட்டுக்கு அந்த இணைப்பில் கிடைத்தது. தொடங்கிய பெயரிலேயே இன்றும் வருவதைக் கணக்கில் எடுத்தால், அந்நாட்டில் 'லேவார்டர் கூரன்ட்'டுக்குத்தான் (1752) முதலிடம் தருவேன்.

கே (உள்ளூர் நிருபர்): அப்போது ஊர்ச் செய்தி என்னென்ன போட்டார்கள்?

ப: அனேகமாக ஒன்றுமில்லை! முதல் பெயரே 'ஐரோப்பாவின் வாராந்தரக் கூரன்ட்'. போர், கப்பல், அரசவை என்று எல்லாமே வெளியூர்க் கடிதங்களில் வந்தவை. ஊர் பெயரும் தேதியும் மேலே போட்டு, கீழே செய்தியை அடுக்கிவிடுவார்கள். ஊர் விவகாரம் சந்தையிலேயே தெரிந்துவிடும். அதோடு காஸ்டலெய்ன் நகர நிர்வாகத்தின் அச்சகர்; அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஹார்லெம் மக்களின் வாழ்க்கை தெரிய வேண்டுமானால் விளம்பரங்களைப் பாருங்கள்: புதுப் புத்தகம், ஏலம், தொலைந்துபோன பொருள். எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

கே (இல்லத்தரசி): பெண்கள் யாராவது இருந்தார்களா?

ப: காஸ்டலெய்னின் மனைவி மார்கரெட்டா வான் பாங்கன் இருந்தாரே! 1681-இல் கணவர் இறந்தபின் அச்சகத்தை நடத்தியவர் அவர். யான் டி ப்ரே 1663-இல் வரைந்த இவர்கள் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. கணவன் மனைவியோடு ஒரு பூகோள உருண்டையும், லௌரென்ஸ் கோஸ்டரின் சிலையும் அதில் தெரியும். அச்சுக்கலையைக் கண்டுபிடித்தவர் கோஸ்டர்தான் என்று ஹார்லெம்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். உலகச் செய்தி விற்ற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

கே (நாணயம் சேகரிப்பவர்): நெதர்லாந்தின் பணநோட்டு அச்சடித்த என்ஸ்கெடே குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ப: அதே குடும்பம்தான். 1737-இல் பத்திரிகை அவர்கள் கைக்கு வந்தது. நோட்டு அச்சடித்ததெல்லாம் அப்புறம், 1814-இலிருந்து.

கே (கல்லூரி மாணவர்): பழைய இதழ்களை இப்போது படிக்க முடியுமா?

ப: முடியும். 'டெல்ஃபர்' இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழைய கோதிக் எழுத்து முதலில் கண்ணைக் கட்டும். கடைசிப் பக்க விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். வாக்கியங்கள் சின்னவை, சீக்கிரம் பிடிபட்டுவிடும்.