மில்லில் இறந்த கொள்ளுத்தாத்தா: பதிவு எங்கே இருக்கும்?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா கோவை பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். மெஷின் பெல்ட்டில் வேட்டி சிக்கி இறந்தார் என்பது வீட்டுப் பேச்சு. சொந்த ஊர் அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமம். 'பிரமோதூத வருஷம், ஆடி வளர்பிறை பஞ்சமி' என்று பாட்டி சொல்வார். தாத்தாவுக்கு அப்போது 16 வயதாம். 8,000 ரூபாய் கொடுத்தால் இறப்புச் சான்றே வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் தரப்போவது பழைய பதிவின் நகல் அல்ல, இன்றைக்குப் புதிதாகத் தயாராகும் தாள்.

அது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் உங்கள் சொந்த ஊர்ப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுப் போடுவார். இறந்தது அந்த ஊரில் இல்லையே, அங்கே எப்படி இருக்கும்? 'பதிவு இல்லை' என்று அலுவலகம் உண்மையாகவே எழுதித் தரும். அந்தத் தாளோடு உங்கள் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து, தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்குவார். ஒரு வருஷம் கடந்த இறப்பை அதிகாரியின் உத்தரவு பெற்றுப் பதிய 1969-ம் வருஷப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது, அதனால் சான்றும் அசல் சான்றுதான். ஆனால் அதில் இருக்கும் தேதி, இடம், காரணம் எல்லாம் நீங்கள் சொன்னவை. நீங்கள் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க எட்டாயிரம்! யார் எந்தச் சான்றைக் காட்டினாலும் 'பதிவு செய்த நாள்' என்ற இடத்தை முதலில் பாருங்கள். பழைய பதிவு என்றால் அது இறந்த நாளை ஒட்டியே இருக்கும். போன வருஷத் தேதி இருந்தால் ஆராய்ச்சிக்கு அந்தத் தாள் உதவாது. பிரமாணப் பத்திரத்தில் தப்பு இருந்தால் மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல.

உங்கள் பாட்டி கொடுத்திருக்கும் தகவல் பல குடும்பங்களுக்குக் கிடைக்காதது. பிரமோதூத என்பது 1930 ஏப்ரல் முதல் 1931 ஏப்ரல் வரை. அந்த ஆடியில் வளர்பிறை பஞ்சமி ஒன்றுதான் வந்தது, அது 1930 ஜூலை 30-ஐ ஒட்டி வரும். முன்பின் ஒரு வாரம் சேர்த்துத் தேடினால் போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: திதி என்பது உயிர் பிரிந்த நாள். அடிபட்டது அதற்குச் சில நாள் முன்பாகவும் இருக்கலாம்.

இறப்பு பதிவாவது உயிர் போன இடத்தில்தான். மில்லிலேயே இறந்திருந்தால் அந்தக் கிராமத்து முன்சீப் (அன்றைய கிராம அதிகாரி) எழுதிய பதிவேட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பீளமேடு கோவை நகரசபைக்கு வெளியே இருந்தது. கிராமப் பகுதிகளின் பழைய இறப்புப் பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஊசலாடும் உயிரோடு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அங்கே இறந்திருந்தால் அது நகரசபைப் பதிவேடு, அதாவது இன்றைய மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. இரண்டு இடத்திலும் மனுக் கொடுங்கள். 'கம்ப்யூட்டர்ல இல்லீங்க' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியது பிற்காலத்துப் பதிவுகளைத்தான். 1930-ம் வருஷப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்ய வைக்க நாலு நடை நடக்க வேண்டியிருக்கிறது.

பதிவேட்டில் 'மில் விபத்து' என்று தேடாதீர்கள். அந்தக் காலத்தில் சாவுக் காரணத்தைக் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், பேதி, சுவாச நோய், காயம், மற்றவை என்று சில வகைகளில்தான் அடக்கினார்கள். உங்களுக்கு வேண்டியது 'காயம்'. பேரைவிடத் தகப்பன் பேரையும் வயதையும் நம்புங்கள், ஒரே பேரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். கேட்டு மாசக்கணக்கில் அலைய வேண்டாம். அந்தக் காகிதங்கள் காலாகாலத்தில் கழிக்கப்படுபவை.

நிஜமான புதையல் நஷ்ட ஈட்டுப் பதிவு. தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலில் இருந்தது. தொழிலாளி இறந்தால் முதலாளி பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது, நஷ்ட ஈட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். ஆணையர்தான் வாரிசுகளை விசாரித்துப் பிரித்துக் கொடுப்பார். ஆகவே கோப்போ அதைப் பற்றிய அரசாணையோ கிடைத்தால் குடும்பமே பேர் பேராக அதில் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணி–தொழிலாளர் துறையின் 1930, 1931 அட்டவணைகளை (இண்டெக்ஸ்) பாருங்கள். தொகையிலிருந்து சம்பளத்தையும் கண்டுபிடிக்கலாம். 1933 திருத்தத்துக்கு முன்பு, இறந்தவர் வயது வந்தவர் என்றால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. 450 ரூபாய் கட்டியிருந்தால் மாதச் சம்பளம் 15 ரூபாய்.

இங்கேதான் பலர் கைக்கு வந்த கோப்பை 'இது நம்ம ஆள் இல்லை' என்று மூடி வைக்கிறார்கள். அந்தச் சட்டம் 'சார்ந்தோர்' என்றது மனைவி, பெற்றோர், மைனர் மகன், கல்யாணமாகாத மகள் என்று ஒரு குறிப்பிட்ட பட்டியலை. வயது வந்த மகன் அதில் கிடையாது. அதைவிட முக்கியம், அந்தச் சட்டத்துக்கு மைனர் என்றால் 18 அல்ல, 15 வயதுக்குக் கீழ். உங்கள் தாத்தாவுக்கு 16 என்கிறீர்கள். அப்படியானால் அவர் பேர் வாரிசுப் பட்டியலில் இல்லாமல் இருப்பதுதான் சரி. அவருடைய தம்பி தங்கைகள் பேர் இருந்து அவர் பேர் மட்டும் விடுபட்டிருந்தால், தேடிய கோப்பு அதுவேதான் என்று நினைக்க இன்னும் அதிகக் காரணம் இருக்கிறது. ஈமச் செலவுப் பத்தியையும் பாருங்கள். செலவு செய்தவருக்கு அதை ஆணையர் தனியாகக் கொடுக்கலாம், மூத்த மகனின் பேர் அங்கே எட்டிப் பார்க்கக்கூடும்.

அதே காப்பகத்தில் சென்னை மாகாணத் தொழிற்சாலைச் சட்ட ஆண்டறிக்கையையும் கேளுங்கள். சாவு விபத்துகளைப் பற்றிச் சில வரிகள் இருக்கும், பேரை எதிர்பார்க்க வேண்டாம். கூரையை ஒட்டி ஓடும் ஒரே நீள ஷாஃப்டிலிருந்து (சுழலும் தண்டிலிருந்து) ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட் இறங்கும் காலம் அது. வீட்டில் 'மெஷின்' என்று சொன்னதை இன்ஸ்பெக்டர் 'ஷாஃப்டிங்' என்று எழுதியிருக்கலாம். கோவை, பஞ்சாலை, ஜூலை கடைசி என்ற மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எங்காவது 'இல்லை' என்று வாயால் சொல்லி அனுப்பினால் தகவல் உரிமை மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். 'என் கொள்ளுத்தாத்தா பதிவு இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 1930-ம் வருஷ இறப்புப் பதிவேடு உங்கள் வசம் உள்ளதா, வேறு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் எங்கே, எப்போது, அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டின் அந்தப் பக்க நகல் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.