பதின்வயதினர் தம் திறமையைக் கண்டறிய உதவும் சமூகத் துணை என்பது என்ன?

பெற்றோர், ஆசிரியர் தவிர, ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து அக்கறை காட்டும் மற்ற பெரியவர்களின் வட்டம்தான் அது. 'உனக்கு எது வரும்?' என்று கேட்டால் இந்த வயதில் பலருக்குப் பதில் தெரியாது. திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிரவே ஏறக்குறைய 25 வயது ஆகிறது. செய்துபார்த்தால்தான் பிடிபடும். செருப்பைக் கண்ணால் பார்த்து வாங்க முடியுமா? நாலு எட்டு நடந்து பார்க்க வேண்டாமா?

தச்சர், செவிலியர், கணக்கர் என மூன்று நான்கு பேர் போதும். வாரம் இரண்டு மணி நேரம், ஒவ்வொருவரிடமும் ஆறு வாரம், பலர் நடமாடும் இடத்தில் பிள்ளை அவர்களோடு இருக்கட்டும். வேடிக்கை பார்க்க விடாமல் உண்மையான சிறு வேலை ஒன்றைப் பொறுப்பாகக் கொடுங்கள். இடையில் காணாமல் போகும் பெரியவரால்தான் கெடுதல் அதிகம். 'என்னால்தான் போய்விட்டார்' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

திறமை என்றால் மேடையும் பரிசும் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். பழுதைப் பொறுமையாகத் தேடுவதும், அழும் குழந்தையை அமர்த்துவதும் திறமைதான்.