நேபாளம் விவசாயத்தையும் சுற்றுலாவையும் வைத்தே பிழைக்கிறதா?

பாதிதான் சரி. அங்கே உழைப்பவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் விவசாயத்தில்தான். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் அதன் பங்கு கால்வாசிதான். மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வயலில் டிராக்டர் எங்கே ஏறும்? மாடும் மண்வெட்டியும்தான். விளைவது பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். கிழக்கே இருக்கும் இலாம் மாவட்டத்துத் தேயிலை, பெரிய ஏலக்காய் மாதிரி சிலதுதான் கையில் காசாகும்.

சுற்றுலாவுக்கு 2024இல் சுமார் 11.5 லட்சம் பேர் வந்தார்கள். வசந்த காலத்தில் எவரெஸ்ட் ஏற இப்போது அனுமதிக் கட்டணமே 15,000 டாலர். கேட்கப் பெரிய தொகை, நாட்டுக்கு அது சில்லறை.

உண்மையில் அடுப்பெரிய வைப்பது கத்தாரிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம். அதுவும் மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட கால்வாசிக்குச் சமம்! ஆண்கள் இப்படி வெளிநாடு போய்விடுவதால்தான் பல மலைக் கிராமங்களில் நாற்று நடப் பெண்களும் வயதானவர்களும் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள்.