பதில் வராத மெயில்கள்

அன்புள்ள ஐயா,

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். படித்தது தமிழ்வழியில் பி.காம். பில்லை ஜிஎஸ்டியில் ஏற்றச் சொல்லி நான் அனுப்பும் மெயில்களுக்கு சப்ளையர்கள் பதிலே போடுவதில்லை. மேனேஜர் "உனக்கு கம்யூனிகேஷன் போதாது" என்கிறார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? நான் அனுப்பிய மெயில் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சேருங்கள், மீட்டிங்கில் வாய் திறக்க உதவும். ஆனால் இந்த மெயிலுக்குப் பதில் வராததற்கும் உங்கள் இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை. பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

சப்ஜெக்ட் வரியில் 'ரிகார்டிங் ஜிஎஸ்டி' என்று மட்டும் இருக்கிறது. உள்ளே 'கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே', நான்கு வரிக்கு நல்லுறவு, கடைசியில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. எந்த பில், எவ்வளவு வரி, எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும்? எக்செல் ஷீட்டில் இருக்கிறதே என்பீர்கள். திறந்து பார்த்தேன். எல்லா சப்ளையர்களின் பில்லும் ஒரே ஷீட்டில்! தன் பில்லை அவரே தேடிப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, மற்றவர்களிடம் நீங்கள் எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தேதி. நீங்கள் அனுப்பியது 17ஆம் தேதி. சப்ளையர் தன் விற்பனை பில்களை ஏற்றும் ரிட்டர்னுக்குப் பெயர் ஜிஎஸ்டிஆர்-1. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அதற்குக் கடைசி நாள் 11. அவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான உங்கள் 2பி 14ஆம் தேதி உருவாகிவிடும். அதில் வராத பில்லுக்கு, 20ஆம் தேதிக்குள் நீங்கள் போடும் மாத வரி ரிட்டர்னான 3பியில் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. உங்கள் மெயிலைப் பார்த்து அவர் அடித்துப் பிடித்து ஏற்றினாலும் உங்களுக்குக் கிரெடிட் அடுத்த மாதம்தான். இனி 5ஆம் தேதி வாக்கில், ஆளுக்கு ஒரு மெயிலாக அனுப்புங்கள், இப்படி:

"சப்ஜெக்ட்: இன்வாய்ஸ் 118 – ஜூலை 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றவும்.

ஜூன் 12 தேதியிட்ட உங்கள் இன்வாய்ஸ் 118: மதிப்பு ரூ. 84,000, வரி ரூ. 15,120. எங்கள் ஜிஎஸ்டி எண் கீழே உள்ளது. ஏற்றியதும் 'முடிந்தது' என்று பதில் போட்டால் போதும்."

தமிழிலேயே எழுதலாம். பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரருக்கு எதற்கு இங்கிலீஷ்? அப்புறம், ரிட்டர்ன் போடுவது பெரும்பாலும் அவராக இருக்காது, அவருடைய ஆடிட்டர் ஆபீஸ் பையனாக இருக்கும். அந்தப் பையனின் வாட்ஸ்அப் நம்பரை வாங்கி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களின் கணக்கு வேறு. காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை அவர்கள் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற வசதி வழியாக முன்கூட்டியே ஏற்றலாம், ஆனால் கட்டாயமில்லை. அவர்களிடம் மெயிலை நம்பாமல் போனில் பேசிவிடுங்கள்.

அனுப்பியதையெல்லாம் எழுதி வைக்கவும் வேண்டும். அரசு அலுவலகங்களில் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வந்த தபால் எண்ணும் தேதியும் போட்டு ஏறும், அதன் மேல் எடுத்த நடவடிக்கையும் ஏறும். உங்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: யார், எந்த பில், என்றைக்குக் கேட்டது, மறுபடி என்றைக்குக் கேட்பது. 9ஆம் தேதி அந்த நோட்டைப் பார்த்து, பதில் வராதவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள்.

மேனேஜரிடமும் "யாரும் பதில் போடவில்லை சார்" என்று போய் நிற்காதீர்கள். 10ஆம் தேதி காலையில், "இந்த மூன்று பேர் மட்டும் பாக்கி சார், இவருக்கு நீங்கள் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும்" என்று சொல்லிப் பாருங்கள்.