வேலை கைமாறுகிறது, சான்றிதழுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: 14 ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைச் சரிபார்க்கிறேன். வயது 43. இந்த வேலையை வேறு நாட்டில் உள்ள குழுவுக்கு மாற்றப் போகிறார்கள். மூன்று மாத டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பு, சான்றிதழ், வேலை உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி மையம் கூப்பிடுகிறது. கடன் வாங்கிச் சேரலாமா?

பதில்: வேண்டாம். கடன் வாங்கி நிச்சயம் வேண்டாம்.

உங்கள் வேலையில் எது போகும் என்று முதலில் பாருங்கள். படிப்படியாக எழுதிக் கொடுக்க முடிந்ததெல்லாம் போகும். பில்லும் ஆர்டரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அந்த வகை. பொருந்தாதபோது என்ன செய்வது என்பது அவ்வளவு சுலபத்தில் கைமாறாது. எந்த சப்ளையர் ஒரே பில்லை இரண்டு முறை அனுப்புவார், மாதக் கடைசியில் எந்தக் கணக்கு இடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். 1979-இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபோது கூட்டிக் கழிக்கும் வேலை கணினிக்குப் போனது. விலை ஏறினால் லாபம் என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்த கணக்காளரின் தேவை போகவில்லை.

கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் தீர்த்த சிக்கல்களை, அதனால் நிறுவனத்துக்கு மிச்சமான தொகையோடு எழுதி வையுங்கள். புதிய குழு தடுமாறும் பில்களெல்லாம் என்னிடம் வரட்டும் என்று மேலாளரிடம் நீங்களே கேளுங்கள். கருவியும் தெரிய வேண்டும், சரி. எக்செலில் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரியை, அதாவது பல இடத்துத் தகவல்களைச் சேர்த்துச் சீராக்கும் கருவியை, உங்கள் பில்களை வைத்தே பழகுங்கள்.

அப்புறம் அந்த 'உத்தரவாதம்'. ஒப்பந்தத்தை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். 'வேலை' என்று இருக்கிறதா, 'வேலை தேட உதவி' என்று இருக்கிறதா? உதவி என்றால் நாலு மெயில் அனுப்பிவிட்டுக் கையை விரிப்பார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்பவரை அண்டவே விடாதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை.

சான்றிதழுக்குச் செலவு செய்ய ஒரே ஒரு இடம் உண்டு: சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்ய முடியாத வேலை. நர்ஸ், விமானி, தணிக்கையாளர் போன்றவர்கள் தேர்வு எழுதியே ஆக வேண்டும். அங்கேயும் உரிமம் தருவது யார் என்று பாருங்கள். தேர்வுக்குத் தயார் செய்யும் மையம் தரும் சான்றிதழ் உரிமம் ஆகாது. ஒரு நாட்டு உரிமம் இன்னொரு நாட்டில் பெரும்பாலும் தானாகச் செல்லாது. அந்த நாட்டில் உரிமம் வழங்கும் அமைப்பிடம் நேராகக் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். டேட்டா அனலிட்டிக்ஸுக்கு அப்படி உரிமம் தேவையில்லை.

நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சில இடங்களில், வேலை விளம்பரத்தில் உள்ள சொற்கள் இல்லையென்றால், மனிதர் படிக்கும் முன்பே மென்பொருள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறது. 14 ஆண்டு உழைப்பு ஒரு சொல் இல்லாததால் குப்பைக்குப் போவது அநியாயம். அந்தச் சொற்களை விண்ணப்பத்தில், நீங்கள் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்தும் இடங்களில் மட்டும் எழுதுங்கள். உங்களோடு வேலை பார்த்து வேறிடம் போனவர்கள் இருப்பார்களே, விண்ணப்பத்தை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.