பப்பாளியைத் தின்பது குயிலா, குரங்கா?

வணக்கம் அண்ணே. பினாங்கு தண்ணீர்மலை வீட்டில் பப்பாளி பழுத்ததும் பாதி காணாமல் போகிறது, பக்கத்து வீட்டார் குரங்கு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்ட படத்தில் பழம் காம்போடு தொங்குகிறதே, அது குயில் வேலை. பறிக்கத் தெரியாது, ஓட்டை போட்டு உள்சதையைக் குடைந்துவிட்டுத் தோலை மரத்திலேயே விட்டுவிடும். ஆண் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி, அதனால் பலருக்கு அது குயிலென்றே தெரியாது.

நீண்டவால் குரங்கென்றால் திருகிப் பறித்து, கன்னப்பையில் அடைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் வீசியிருக்கும். காயையும் விடாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள லோத்தோங் என்கிற இலைக்குரங்கு பாவம், பெரும்பாலும் இலைதான் தின்னும்.

பழத்தில் மஞ்சள் கீறல் விழுந்ததுமே பறித்து அரிசிப் பானையில் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். குயிலின் கூவலுக்கு மட்டும் மருந்தில்லை!